ஒரே கட்டி, இரண்டு இன்ஷூரன்ஸ்

பெருநாள் காலையில் என் மகள் நிஸ்மா எனக்கு ஹிஜாபைச் சரிசெய்து பின் குத்திக்கொண்டிருந்தாள். தாடைக்குக் கீழே துணியை மடித்தவள் கையை அங்கேயே நிறுத்திவிட்டாள்.

"உம்மா, ஒரு தடவ எச்சி முழுங்குங்க."

முழுங்கினேன்.

"இன்னொரு தடவ." அவள் விரல் என் தொண்டைக்குழிக்கு வலப்பக்கம் இருந்தது. "இங்க ஏதோ ஹார்டா இருக்கு. நீங்க முழுங்கும்போது அதுவும் மேல போயிட்டு கீழ வருது."

கண்ணாடியில் பார்த்தேன். நெல்லிக்காய் அளவுக்கு ஒரு மேடு. வெளியே போகும்போதெல்லாம் கழுத்தை மூடியே பழகியதால் யார் கண்ணிலும் அது பட்டிருக்கவில்லை. மல்லாந்து படுத்தால் கொஞ்ச நாளாகத் தொண்டையை ஏதோ அழுத்துவதுபோல் இருந்தது. தலையணையை மாற்றிப் பார்த்தேனே தவிர, அதை வேறு எதுவாகவும் நினைக்கவில்லை.

என் பெயர் பரீதா. கீழக்கரையில் பிறந்தவள். கல்யாணமான நாளிலிருந்து ஷார்ஜா. கணவர் ஜமால் இங்கே தொழில்பேட்டையில் ஒரு பங்காளியோடு சேர்ந்து வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். நான் வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஆறாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளை அமைதியாக உட்கார வைக்க நல்ல குரல் வேண்டும். என்னிடம் அது தாராளமாகவே இருந்தது.

எங்கள் மருத்துவ இன்ஷூரன்ஸ், கடையின் பேரில் ஒரு ஏஜென்ட் மூலம் எடுத்தது. பெரிய கம்பெனி. போனில் அவர்களுடைய செயலி இருக்கும். அதைத் திறந்து அட்டையைக் காட்டினால் போதும். பெருநாள் விடுமுறை முடிந்ததும் மருத்துவமனைக்குப் போனோம். ஸ்கேன் எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னார். கவுண்டரில் இருந்த பெண் அனுமதி கேட்டு இன்ஷூரன்ஸுக்கு அனுப்பினாள். நான் பக்கத்து இயந்திரத்தில் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் "அப்ரூவ்டு" என்று வந்துவிட்டது. இவ்வளவு சுலபமா என்று ஆச்சரியமாக இருந்தது. அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், உலகத்திலேயே நல்ல இன்ஷூரன்ஸ் எங்களுடையதுதான் என்று சொல்லியிருப்பேன்.

கழுத்தின் முன்பக்கம் மூச்சுக்குழாயை அணைத்தபடி இருப்பது தைராய்டு சுரப்பி. வலது, இடது என இரண்டு மடல்கள். என்னுடைய வலது மடலில் ஒரு கட்டி என்று ஸ்கேன் சொன்னது. அடுத்தது ஊசிச் சோதனை. மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டுக் கொஞ்சம் செல்களை உறிஞ்சி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வலி பெரிதாக இல்லை. ஊசி கழுத்தில் இருக்கும்போது முழுங்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறார்கள். சொன்ன நொடியிலிருந்து முழுங்கவேண்டும் போலவே இருக்கும். அதுதான் கஷ்டம்.

முடிவைச் சொன்னவர் அறுவை மருத்துவர், டாக்டர் அமல். சூடான்காரர். அறுபதை நெருங்கும் வயது, பெரிய கண்ணாடி, மெதுவான ஆங்கிலம்.

"இது நல்ல கட்டி என்றும் சொல்லமுடியவில்லை, கெட்டது என்றும் சொல்லமுடியவில்லை. நடுவில் நிற்கிறது. முழுசாக எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்" என்றார். வலது மடலை மட்டும் எடுப்பது. இடது மடல் அப்படியே இருக்கும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது என்றும் சேர்த்துச் சொன்னார்.

பெரும்பாலும் என்ற சொல்லைக் காரில் வரும் வழியெல்லாம் நான் புரட்டிக்கொண்டே வந்தேன். சிக்னல் பச்சையானதுகூடத் தெரியாமல் ஜமால் நின்றார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

சில வாரம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, அறுவைச் சிகிச்சைக்கு அனுமதி கேட்டு மருத்துவமனை அனுப்பியது. இந்த முறை தண்ணீர் குடித்து முடிக்கும் நேரத்தில் பதில் வரவில்லை. வந்தபோது, நான் டியூஷன் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். போனில் ஒரு செய்தி. மருத்துவ அவசியம் நிறுவப்படவில்லை. ஆறு மாதம் கவனித்துவிட்டு மறுபடி சோதிக்கலாம். கையொப்பம் இல்லை, பெயர் இல்லை.

அன்று மாலை ஜமால் ஏஜென்டுக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டார். அந்த ஆள், "பாய், என் கையில் என்ன இருக்கு? சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணிருச்சு" என்று இந்தியில் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

"புள்ள, பேசாம ஊருக்குப் போயிருவோம். மதுரையில பாத்துக்கலாம்" என்றார் ஜமால்.

"நிஸ்மாவுக்குப் பரீட்சை."

"பரீட்சை பெருசா, நீ பெருசா?"

நிஸ்மா அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கு மேகி செய்யத் தெரியும். நீங்க ரெண்டு பேரும் போங்க" என்றாள்.

எதற்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று மறுநாள் நான் மட்டும் போனேன். காத்திருப்பு அறையில் என் பக்கத்தில் ஓர் அம்மா. பருத்திப் புடவை, நெற்றியில் மெல்லிய திருநீறு, மடியில் ஒரு லேப்டாப் பை. நான் போனில் தமிழில் பேசி வைத்ததைக் கேட்டிருக்க வேண்டும்.

"நீங்களும் கழுத்துக்கோ வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். "எனக்கும் உதுதான்" என்று தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

கௌரி அக்கா. சாவகச்சேரிக்காரர். துபாயில் ஓர் அறக்கட்டளை அலுவலகத்தில் கணக்காளர். கணவரும் மகனும் ஊரில். இங்கே தனியாக ஓர் அறையில் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அதே சுரப்பி, அதே பக்கம், அதே டாக்டர், ஊசிச் சோதனையில் அதே 'நடுவில்' என்ற பதில். ஆனால் இன்ஷூரன்ஸ் வேறு. அவருடைய அறக்கட்டளையும் அதைப்போன்ற சில அமைப்புகளும் சேர்ந்து, லாபம் பார்க்காத ஒரு மருத்துவ நிதியைத் தங்கள் ஊழியர்களுக்காக நடத்துகின்றன. என் கதையைச் சொன்னதும் அவர் பெருமூச்சு விட்டார்.

"உங்களுக்கு இல்லையெண்டாவது கெதியாச் சொல்லிப்போட்டினம். எங்கட ஆக்கள் இல்லையெண்டு சொல்லமாட்டினம். ஓம் எண்டு சொல்லவும் வாய் வராது. இன்னொரு டொக்டரிட்டைக் காட்டு, குழு கூடட்டும், பிறகு பாப்பம். நான் உங்களுக்கு முந்தியே வந்தனான். இன்னும் இருக்கிறன்."

எனக்கு இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அன்றுவரை தெரியாது. இன்ஷூரன்ஸ் என்றால் இன்ஷூரன்ஸ். கௌரி அக்கா கணக்காளர் அல்லவா, எளிமையாகச் சொன்னார்.

"உங்கடைக்குப் பங்குதாரர் இருக்கினம். கட்டின காசிலை வைத்தியத்துக்குப் போக மிஞ்சினது அவையளுக்கு. எங்கடையிலை மிஞ்சினால் அடுத்த வருசத்துக்கு அங்கேயே கிடக்கும். அதுக்காக எங்கட ஆக்கள் வாரி இறைக்கினம் எண்டு நினைக்காதேங்கோ. எல்லாற்றை காசும் எண்டபடியால் ஒவ்வொண்டையும் பத்துத்தரம் பாப்பினம். ஆசுப்பத்திரி பட்டியலும் சின்னன்."

"அப்ப எதுதான் நல்லது?"

"படுத்திருக்கிறவைக்கு ரெண்டும் ஒண்டுதான், தங்கச்சி" என்று சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "ஊருக்கு ஓடாதேங்கோ. அவை இல்லையெண்டு சொன்னால் அதோடை முடிஞ்சுதெண்டு இல்லை. அந்தக் கொம்பனியிலையும் டொக்டர்மார் இருக்கினம். அவையளோடை எங்கட டொக்டரை நேரடியாக் கதைக்கச் சொல்லுங்கோ. கேட்டாச் செய்வினம். கேளாட்டில் செய்யமாட்டினம்."

எனக்கு அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. உள்ளே போனதும் டாக்டர் அமலிடம் கேட்டேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, மேசைத் தொலைபேசியை இழுத்து, கவுண்டரை அழைத்து, அங்கிருந்து கம்பெனிக்கு, அங்கிருந்து வேறு எங்கோ மாற்றி மாற்றிக் கேட்டுக் கடைசியில் ஒரு நேரம் வாங்கினார். அடுத்த நாள் அந்த நேரத்தில் என்னையும் ஜமாலையும் அறையில் உட்கார வைத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

மறுமுனையில் இருந்தவரை நான் மனதுக்குள் ஒரு வில்லனாகவே வைத்திருந்தேன். குரல் களைப்பாக இருந்தது. மரியாதையாகப் பேசினார்.

"கட்டி வளர்ந்திருக்கிறதா?"

"இரண்டு ஸ்கேனுக்கு நடுவில் வளர்ந்திருக்கிறது" என்றார் டாக்டர் அமல்.

"அறிகுறி?"

டாக்டர் என்னைப் பார்த்தார். மல்லாந்து படுத்தால் அழுத்துகிறது, தூக்கத்தில் விழித்துக்கொள்கிறேன் என்று நான் சொன்னேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

மறுமுனையில் காகிதம் புரளும் ஓசை. "டாக்டர், இவை எதுவும் எனக்கு வந்த விவரத்தில் இல்லை. ஒரு ஸ்கேனும் ஊசி முடிவும் மட்டும்தான் இருக்கின்றன. அதை வைத்துப் பார்த்தால் நான் மறுபடியும் காத்திருக்கத்தான் சொல்வேன். இரண்டாவது ஸ்கேனையும் உங்கள் குறிப்பையும் அனுப்புங்கள்."

டாக்டர் அமல் தொலைபேசியை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கள் அலுவலகம் முழுசாக அனுப்பவில்லை. அவர்களும் குறைகிறதே என்று கேட்கவில்லை" என்றார். "கலாஸ், முடிந்தது போகட்டும். இப்போது நான் உட்கார்ந்து அனுப்புகிறேன்." அவரே டைப் செய்தார். இரண்டு விரலால்.

நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அனுமதி வந்துவிட்டது. ஜமால் போனை வாங்கித் திரும்பத் திரும்ப வாசித்தார். ஒரு நிமிடப் பேச்சில் சரியாகிற விஷயத்துக்காக நாங்கள் மதுரைக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தோம். கோபம் வந்தது. ஆனால் அன்றைக்கு நிம்மதிதான் பெரிதாக இருந்தது. நிஸ்மா எல்லோருக்கும் மேகி செய்தாள்.

அறுவைச் சிகிச்சைக்கு முன், டாக்டர் ஒரு விஷயத்தை விளக்கினார். குரலை இயக்கும் நரம்பு தைராய்டுக்கு ஒட்டியே பின்னால் ஓடுகிறது. கவனமாக ஒதுக்கிவிட்டுத்தான் வெட்டுவார்கள். சிலருக்குக் கொஞ்ச நாள் குரல் கம்மும். மிகச் சிலருக்கு அப்படியே நின்றுவிடும். புற்றுநோயைவிட இதற்குத்தான் நான் அதிகம் பயந்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். கையெழுத்துப் போடும்போது ஜமால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "குரல் போனா வீட்ல எனக்குத்தான் நிம்மதி" என்றார். சிரிக்க வைக்கப் பார்த்தார்.

எனக்கு அறுவைக்கு நாள் கிடைக்கச் சில வாரம் ஆனது; இடையில் கௌரி அக்காவோடு வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய நிதி சொன்னபடி, அபுதாபியில் இன்னொரு டாக்டரிடம் போயிருந்தார். வேலைநாளில் விடுப்பெடுத்து, பஸ் மாறி, இருக்கிற கட்டியையே இன்னொருத்தர் பார்க்க எதற்கு என்று புலம்பிக்கொண்டுதான் போனார். அந்த டாக்டர் ஸ்கேன் கருவியைக் கழுத்தின் பக்கவாட்டில் மெதுவாக நகர்த்திப் பார்த்து, கட்டிக்குத் தள்ளி ஒரு சின்ன நிணநீர்க் கணுவைக் கண்டுபிடித்தார். உடம்பில் கிருமிகளைத் தடுத்து வடிகட்டும் சின்ன முடிச்சுகள் அவை. புற்றுநோய் பரவினால் முதலில் போய் உட்காருவதும் அங்கேதான். அதில் ஊசி வைத்தபோது சந்தேகம் உறுதியாயிற்று.

"பாதி எடுக்கிறதெண்டு இருந்தது. இனி முழுசா எடுக்கவேணுமாம், அந்தக் கணுவையும் சேத்து" என்று குரல்செய்தி அனுப்பினார். பிறகு, "கெதியா ஓம் எண்டிருந்தால் பாதியை எடுத்துப்போட்டு வீட்டை அனுப்பியிருப்பினம். பிறகு திரும்பவும் வெட்டவேண்டி வந்திருக்கும். நான் அவையளைத் திட்டினதெல்லாம் வீணாப் போச்சு."

குழு கூடியது, அனுமதியும் கொடுத்தது. எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த நாளில் அறுவைச் சிகிச்சை அமைந்தது தற்செயல். ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போடச் சொன்னது தற்செயல் அல்ல. பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருத்தியிடம் நிஸ்மா கெஞ்சிக் கேட்டு வாங்கியது.

மயக்கம் தெளிந்தபோது தொண்டையில் மணலைக் கொட்டியதுபோல் இருந்தது. டாக்டர் அமல் குனிந்து, "உன் பெயரைச் சொல்" என்றார். சொன்னேன். காற்றும் குரலும் கலந்து ஏதோ வந்தது. "போதும். நரம்பு நன்றாக இருக்கிறது. மற்றது வீக்கம், போய்விடும்" என்றார். நான் அழுதேன். அழுதால் தையல் இழுத்தது. அதனால் நிறுத்தினேன்.

அந்த நாட்களில் எங்களைக் காப்பாற்றியது கஞ்சி. ஜமால் கடையைப் பங்காளியிடம் விட்டுவிட்டு வீட்டில் நின்று அவரே காய்ச்சினார். நோன்புக் கஞ்சி, கறி போட்டு, நன்றாகக் குழைத்து. கௌரி அக்காவுக்கும் ஒரு பிளாஸ்க். முதல் நாள் அவர் மூடியைத் திறந்துவிட்டுத் தயங்கினார். எழுதிக் காட்ட வைத்திருந்த சிலேட்டில், "இண்டைக்கு வெள்ளி. மச்சம் இல்லை" என்று எழுதினார். அவர்கள் ஊரில் கறி, மீனுக்கு அப்படிப் பெயர். ஜமாலுக்கு அது புரியவில்லை. உடம்பில் இருக்கிற மச்சத்தைச் சொல்கிறார் என்று நினைத்து, "இல்லாட்டி என்னக்கா, நல்லதுதானே" என்றார். எங்கள் இருவருக்கும் சிரிக்கவும் முடியவில்லை, அடக்கவும் முடியவில்லை. விஷயம் புரிந்ததும் ஓடிப்போய்க் கறி போடாமல் வேறு கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்தார்.

இரண்டு இன்ஷூரன்ஸையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு அங்கேதான் நேரம் கிடைத்தது. எங்கள் கம்பெனியிலிருந்து யாரும் பேசவில்லை. ஆனால் அனுமதி கொடுத்தபின் எதற்கும் குறுக்கே நிற்கவில்லை. ஒரு நாள் கூடுதலாகத் தங்கவேண்டும் என்றபோது செயலியில் பச்சை விளக்கு உடனே எரிந்தது. கௌரி அக்காவின் நிதியிலிருந்து ஓர் அம்மா தினமும் அழைத்தார். எப்படி இருக்கிறீர்கள், ஊரில் யாருக்காவது தகவல் சொல்லவா என்று கேட்டார். அதே அம்மாதான், மருத்துவமனை எழுதிக்கொடுத்த விலை உயர்ந்த ஒரு மருந்து பட்டியலில் இல்லை, அதற்குச் சமமான வேறொன்றைத்தான் தரமுடியும் என்றும் அன்பாகச் சொன்னார். கௌரி அக்கா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார்.

பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டர் முதலில் என் கட்டிலுக்கு வந்தார். "ஒன்றும் இல்லை. சாதாரணக் கட்டி. இனி வருஷத்துக்கு ஒரு ஸ்கேன் போதும்."

அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வாய் திறந்தேன். பக்கத்துக் கட்டிலின் திரை திறந்திருந்தது. அப்படியே அடக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். டாக்டர் அங்கே போனார். மெதுவாக வளரும் வகைப் புற்றுநோய், முழுக்க எடுத்தாகிவிட்டது, மிச்சம் மீதி எதுவும் தங்காமல் இருக்கக் கதிரியக்க அயோடின் குளிகை ஒன்று கொடுப்போம், சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுகிற நோய் இது என்று பொறுமையாகச் சொன்னார். கௌரி அக்கா கேட்டுக்கொண்டார். டாக்டர் போனபின் என் பக்கம் திரும்பினார். அப்போது அவருக்குக் கொஞ்சம் குரல் வந்திருந்தது.

"பரீதா. ஏன் மூஞ்சியை உப்பிடி வைச்சிருக்கிறியள்?"

நான் போர்வை நுனியை மடித்துக்கொண்டிருந்தேன்.

"சந்தோசப்படுங்கோ. எனக்காண்டிப் பிடிச்சு வைக்காதேங்கோ. ரெண்டு பேரிலை ஒராளுக்காவது நல்ல செய்தியெண்டு நான் இப்பதான் ஆறுதலா இருக்கிறன்."

எழுந்து போய் அவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஜமால் பிளாஸ்க்கோடு வந்து வாசலில் நின்றவர், எங்களைப் பார்த்துவிட்டு ஓசைப்படாமல் வெளியே போய் உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்து சில வாரங்களில் என் குரல் திரும்பியது. டியூஷன் பிள்ளைகளுக்கு அதில் அவ்வளவு மகிழ்ச்சி இல்லை. பாலிசியைப் புதுப்பிக்கும் காலம் வந்தபோது, கம்பெனி எங்கள் கடைக்கு மட்டும் சந்தாவை நன்றாகவே ஏற்றியிருந்தது. கௌரி அக்காவின் நிதியிலும் ஏறியது. ஆனால் எல்லா உறுப்பினர்களுக்கும் ஒரே மாதிரி, கொஞ்சமாக. "ஆருக்கு வருத்தம் வந்தது எண்டு பாத்துக் கூட்டுறேல்லை" என்றார். வருத்தம் என்று அவர் சொல்வது நோயை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு முழுசாகப் புரிந்தது அப்போதுதான். அந்த நிதியில் சேர வழியில்லை, அது அவர்கள் ஊழியர்களுக்கு மட்டும். எனவே நாங்கள் பழைய கம்பெனியிலேயே இருக்கிறோம். ஆனால் இப்போது ஜமால் ஏஜென்டோடு சத்தம் போடுவதில்லை. ஏதாவது மறுக்கப்பட்டால், யார் மறுத்தது, எந்த விவரத்தைப் பார்த்து மறுத்தார், அந்த டாக்டரோடு பேசமுடியுமா என்று கேட்கிறார்.

கௌரி அக்கா குளிகையை விழுங்கிவிட்டு, அதன் கதிர்வீச்சு அடங்கும்வரை தனி அறையில் யாரையும் பார்க்காமல் இருந்த நாட்களில், நிஸ்மா அவருக்கு வீடியோவில் தன் பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொன்னாள். பிறகு அவர் வேலைக்குப் போய்விட்டார். முதல் பெரிய ஸ்கேனுக்கான நாளை எங்களிடம் சொல்லவில்லை. கேட்டால் பேச்சை மாற்றுவார்.

ஒரு நாள் மதியம் மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"பரீதா, ஸ்கான் எடுத்தவை. ஒண்டுமில்லையாம். கழுத்து சுத்தமாம்."

அடுப்பை அணைத்தேன். சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மருத்துவமனையில் எனக்கு நல்ல செய்தி வந்தபோது அடக்கியது எல்லாம் அப்போது வந்தது. மறுமுனையிலும் அழுகைதான்.

சாப்பிட வந்த ஜமால், நான் தரையில் இருப்பதைப் பார்த்து ஓடிவந்தார்.

"என்ன புள்ள? யாருக்கு என்ன?"

"கௌரி அக்காவுக்கு ஒண்ணுமில்லையாம் மச்சான்."

"ஒண்ணுமில்லைங்கறதுக்கா இப்படி உக்காந்திருக்க?" என்று அதட்டினார். பிறகு தானும் சுவரில் சாய்ந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். என் கையிலிருந்து போனை வாங்கி, "அக்கா, இன்னிக்கு வெள்ளியில்லையே? மீன் இருக்கு, வாங்க" என்றார்.